டிராக்டர் என்று எழுதியது

சுவரில் ஈரம் பூத்துவிட்டதென்று
பழைய காகிதத்தை உரிக்கத் தொடங்கினேன்.
நீலப்பூப் போட்ட மேல்தோல்
மீன் செதிலாய்க் கையோடு வந்தது.
அடியில், பசை மஞ்சளித்த இன்னொரு தாள்.
அதில் வானம்.

ஆறு பேனாக்கள் இழுத்த ஆறு கோடுகள்.
என் கருவியின் கோடுகள்.
பெற்ற பிள்ளையின் நடையைப் போலத்
தூரத்திலேயே அடையாளம் தெரிந்தது.

தொண்ணூற்று மூன்றில்
பதினோரு மாதம் சம்பளம் வரவில்லை.
ஓகா ஆற்றங்கரை மேட்டில்,
ஆண்டெனாக் கம்பங்களுக்கு நடுவே,
உருளைக்கிழங்கு நட்டோம்.
பல்சார்களின் துடிப்பைப்
பத்தாவது தசமம்வரை அளந்த எமில் கரிமோவ்
வாளி வாளியாய் எண்ணிப் பங்கு பிரித்தான்.
கிடங்கில் கிடந்த பதிவுச் சுருள்களையும்
ஆளுக்கு ஒரு கட்டு எடுத்துக்கொண்டோம்.
அடுப்புக்குக் கொஞ்சம்,
தக்காளி நாற்றுக்குக் கூம்பு சுற்றக் கொஞ்சம்,
மிச்சம் சுவருக்கு அடித்தாளாக.
கெட்டியான, நல்ல தாள்.

ஓய்வூதிய அலுவலகப் பெண் கேட்டாள்:
முப்பத்தெட்டு வருடம் என்ன வேலை பார்த்தீர்கள்?
படிவத்தில் இரண்டு விரற்கடை இடம்.
இரைச்சலைக் கழித்தேன், என்றேன்.
பொறியாளர், என்று எழுதிக்கொண்டாள்.

பொய்யில்லை.
லாரியைக் கழித்தேன்.
பால்பண்ணை மின்வேலியை,
மின்னலை, சூரியனை,
விடுதி மூன்றாம் மாடியில்
யாரோ மின்கத்தியால் சவரம் செய்ததை.
கழித்துக் கழித்து மீந்ததற்கு
நாங்கள் வைத்த பெயர் பிரபஞ்சம்.

கதவோரம், முழங்கால் உயரத்தில்,
ஆறு கோடும் ஒருமுறை துள்ளி
அடங்கியிருந்தன.
பக்கத்தில் என் கையெழுத்து,
முப்பத்திரண்டு வயதின் கூர்பென்சில்:
டிராக்டர்.
கேள்விக்குறிகூட இல்லை.

மண்டியிட்டேன்.
மூட்டு தன் கருத்தைச் சொன்னது.
தையல் பெட்டியிலிருந்து அளவுகோல் எடுத்து வைத்தேன்.
மேல் பேனா முந்தி.
அடுத்தது ஒரு மயிரிழை பிந்தி.
ஆறாவது,
மணியடித்த பிறகு வகுப்புக்கு வரும் பையன் மாதிரி
கடைசியில்.

டிராக்டரின் தீப்பொறி
எல்லாப் பேனாக்களையும் ஒரே நேரத்தில் உதைக்கும்.
உயர்ந்த அலை முதலில், தாழ்ந்தது பிறகு என்று
இப்படி வரிசை கட்டி வருவதற்கு
வழியெல்லாம் எலக்ட்ரான் தூவிய
மிக நீண்ட தூரம் வேண்டும்.
இது அன்றும் எனக்குத் தெரியும்.
அன்று முதல் பஸ் ஆறரைக்கு.
மகளுக்குக் காய்ச்சல்.
இன்னும் பத்து மீட்டர் தாள் பார்க்க வேண்டியிருந்தது.

பிற்பாடு வேறு தேசத்தார்
இப்படியொன்றைக் கண்டெடுத்தபோது
கருத்தரங்கில் எழுந்து நின்று
கை சிவக்கத் தட்டியவள் நான்.

தேதி தாளின் விளிம்பில் இருக்கும்.
கதவுச் சட்டத்துக்குப் பொருந்த
விளிம்பைக் கத்தரித்ததும் நான்தான்.

ஆறு பேனாக் கருவி உழைத்தது
இரண்டே இலையுதிர்காலம்.
லுக்யானுக்கு போன் போட்டேன்,
அந்நாளில் கூட்டுப்பண்ணை டிராக்டர் ஓட்டியவன்.
"எண்பத்து மூன்றா? அந்த வருடம் கியர்பெட்டி உடைந்து
பனி விழும்வரை வண்டி கொட்டகையில் கிடந்தது.
இல்லை, அது எண்பத்து நாலோ என்னவோ.
ஏன் ரூஃபீனா, நான் எதையாவது உடைத்துவிட்டேனா?"
இல்லை லுக்யான், என்றேன்.

மாலையில் எமில் வந்தான்.
கண்ணாடியைக் கழற்றிவிட்டு
மூக்கு சுவரில் உரசப் பார்த்தான்.
ஒருமுறைதான் வந்ததா?
ஒருமுறைதான்.
தேநீருக்கு இரண்டு கரண்டி சர்க்கரை போதும் என்பவன்
மூன்றாவதும் போட்டுக்கொண்டான்.

அவன் போன பிறகு
பென்சில் எடுத்தேன்.
அந்தச் சொல்லுக்குப் பின்னால்
ஒரு வளைவும் ஒரு புள்ளியும் மட்டும்.
ஈரத்தாள். முனை பட்டதும் கிழிந்தது.

கிழிசலுக்கு அடியில்
எனக்கு முன் குடியிருந்தவர்கள் ஒட்டிய நாளிதழ்.
வானிலைப் பகுதி.
ஆற்றோரங்களில் இரவு லேசான தூறல் என்றும்
விடிவதற்குள் வானம் தெளியும் என்றும்
போட்டிருந்தது.